காதர் பாய் லாரியின் சத்தத்தை நிறுத்திய கதை

வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பிழைக்கிறவனுக்கு மனிதர்களை முகம் வைத்துத் தெரியாது, செருப்பை வைத்துத்தான் தெரியும். பினாங்கு டத்தோ கிராமாட்டில் செபஸ்தியான் முதலாளியின் மோட்டார் பட்டறையில் நான் இருந்த காலத்தில், தேய்ந்த குதிகால் தெரிந்தால் அவசரக்காரர், பளபளக்கும் பூட்ஸ் தெரிந்தால் குறை சொல்ல வந்தவர், வெறுங்கால் தெரிந்தால் முதலாளி மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்துவிட்டார் என்று அர்த்தம்.

கடிகாரமோ, தையல் மெஷினோ, பல்லோ, எதையாவது பழுது பார்த்துப் பிழைக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "ஒண்ணுமில்ல, சின்னச் சத்தம்தான்" என்று ஒருவர் வந்து நின்றால் அன்றைக்கு நம் சோறு ஆறிப்போகும். அப்படி வந்து நின்றவர்தான் வெங்காய வியாபாரி காதர் மைதீன்.

மாடு இழுத்த மோட்டார்

நின்றவர் என்று சொன்னது தப்பு. உட்கார்ந்தபடி வந்தார். வழியில் ஸ்பிரிங் பட்டை கழன்று நின்றுபோன அவருடைய பழைய சின்ன லாரியை ஒரு மாட்டுவண்டி கயிறு கட்டி இழுத்து வந்தது. காதர் பாய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, தானே ஓட்டி வருகிற மாதிரி நேராகப் பார்த்தபடி இருந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

விஷயம் இதுதான். கடலுக்கு அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் ரஹீம் ராவுத்தர் என்று ஓர் அரிசி வியாபாரி. காதர் பாய் வெங்காயம் கொண்டுபோய் இறக்கிவிட்டு அவரிடம் அரிசி ஏற்றி வருவார். ராவுத்தருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள். காதர் பாய்க்குக் கல்யாண வயது போய்க்கொண்டிருந்தது. பேச்சு ஆரம்பித்துப் பாதியில் நின்றது. "பையன் தங்கமான பையன், வாயத் திறக்கமாட்டான். ஆனா அந்த லாரி வந்தா என் கோழியெல்லாம் கூரை மேல ஏறுது. அதுல என் மகள ஏத்தி அனுப்பமாட்டேன்" என்று ராவுத்தர் முடிவாகச் சொல்லிவிட்டாராம். காதர் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சூசை அண்ணே, சத்தம் நிக்கணும். இல்லாட்டி நான் வெங்காயத்தோடயே கெடந்து சாகவேண்டியதுதான் லா."

நான் பதில் சொல்வதற்குள் மாட்டுவண்டிக்காரர் பொறுமையிழந்து குரல் கொடுத்தார்: "பாய், மாட்ட அவுத்துக்கிட்டுப் போகட்டுமா, இல்ல அதையும் சேர்த்து ரிப்பேருக்கு விடுறீங்களா?"

முதலாளியின் கோபம்

லாரியின் உடம்பைக் கழற்றி இறக்கிவிட்டு, அடிச்சட்டத்தை மரக்கட்டைகள் மேல் நிறுத்தினோம். பிறகு ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்தோம். பட்டையின் இரண்டு முனையிலும் காது மாதிரி ஒரு வளையம் இருக்கும். அதன் வழியாக ஓர் இரும்பு முளை போகும். இரும்பும் இரும்பும் உரசாமலிருக்க நடுவில் ஒரு வெண்கல உறை போடுவார்கள். அதுதான் புஷ். மற்றவர்களுக்காகத் தேய்வதற்கென்றே பிறந்த சாமான். நம் குடும்பங்களிலும் அப்படி ஒருவர் இருப்பார்.

இந்த லாரியில் புஷ்ஷுக்குப் பதில் வேறு என்னென்னவோ இருந்தன. ஒரு காதில் பிஸ்கட் டின் தகரம் சுருட்டி வைத்திருந்தது. ஒன்றில் சிரட்டைத் துண்டு. பின்பக்கத்துக் காதிலிருந்து இடுப்புப் பெல்ட் ஒன்றைச் சுருள் சுருளாக வெளியே இழுத்தேன். முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. அன்றைக்குப் பார்த்துப் பட்டறையில் இன்னும் நாலைந்து வாடிக்கைக்காரர்கள். அவர்கள் காதில் விழட்டும் என்று பெல்ட்டைத் தூக்கிப் பிடித்து முழங்கினார்: "எவன்யா இந்த வேலை பார்த்தவன்? இவனெல்லாம் மெக்கானிக்கா? இவன் கையில ஸ்பேனரைக் குடுத்தவனைச் சொல்லணும்!"

காதர் பாய் தரையைப் பார்த்தபடி, மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "நீங்கதான், முதலாளி. அன்னிக்குப் போட புஷ் ஒண்ணும் கெடைக்கலன்னு உங்க பெல்ட்ட உருவிப் போட்டுட்டு, கால்சட்டையக் கையில புடிச்சிக்கிட்டே வீட்டுக்குப் போனீங்களே."

கப்பல் வெண்கலம்

முதலாளி அதற்குப் பிறகு இரண்டு நாள் குரலே உயர்த்தவில்லை. அந்த வெட்கத்தில், புஷ் எல்லாம் அசல் வெண்கலத்தில்தான் கடைய வேண்டும் என்று உத்தரவு போட்டார். எங்கள் கொல்லன் ஆ செங் துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடைக்குப் போய், ஒரு கப்பலின் உடைந்த சுழல்விசிறித் துண்டைத் தோளில் சுமந்து வந்தான். கடைசல் எந்திரத்தில் மாட்டிச் சீவினால் தங்கம் மாதிரி சுருள் விழுந்தது. காதர் பாய் ஒரு சுருளை எடுத்துக் காதோரம் செருகிக்கொண்டு, தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம், "கப்பல் சாமான் லா! நடுக்கடல்ல புயலத் தாங்குன வெண்கலம்! என் லாரிக்குப் போடுறாங்க" என்று அளந்துகொண்டிருந்தார்.

ஆ செங் எங்களோடு பழகித் தமிழ் பேசுவான். அளந்து பேச மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. உலையைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "பாய், அந்தக் கப்பல் முழுகிப்போச்சி லா. அதான் கடைக்கு வந்திச்சி."

நேராக்கிய சட்டம்

புஷ் வேலை ஒரு பக்கம் நடக்க, சட்டத்தை மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தேன். கோணல் என்றால் அப்படியொரு கோணல். எப்போதோ எதிலோ இடித்து, ஒரு பக்கம் பின்வாங்கிக் கிடந்தது. லாரி இத்தனை காலமும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்திருக்கிறது. துருவைச் சுரண்டினால் உள்ளே ஒரு விரிசல் வேறு. ஆ செங் கரி அடுக்கிச் சட்டத்தைப் பழுக்கக் காய்ச்சினான். சங்கிலி போட்டு, ஜாக்கி வைத்து, சம்மட்டியால் அடித்து நிமிர்த்தினோம். விரிசல் மேல் இரும்புத் தகடு வைத்து, சூட்டோடு ரிவிட் அடித்து இறுக்கினோம். திரும்ப நூல் பிடித்தபோது இரண்டு மூலையும் ஒன்றுபோல் வந்தது. எனக்கு என் பிள்ளை பரீட்சை பாஸான மாதிரி சந்தோஷம்.

எல்லாம் பூட்டி முடித்து, "ஓட்டிப் பாருங்க பாய்" என்று சாவியைக் கொடுத்தேன். லாரி கிளம்பியது. கிளம்பிய ஜோரில் இடப்பக்கம் திரும்பிச் சாக்கடைக்குள் முன்சக்கரத்தை இறக்கிவிட்டு நின்றது. நான் தலைதெறிக்க ஓடினேன். லாரிக்கு ஒன்றுமில்லை. கோணல் லாரியை நேராக ஓட்டுவதற்காக ஸ்டியரிங்கை எப்போதும் இடப்பக்கம் ஒடித்தே பிடித்துப் பழகியவர், இப்போதும் அப்படியே பிடித்திருக்கிறார். சாக்கடைத் தண்ணீரில் கால் நனைய இறங்கியவர் என்னை முறைத்தார்: "வண்டிய நேராக்குனீங்க சரி. என்னை யாருண்ணே நேராக்குறது?"

அடியில் பச்சை

சட்டத்துக்குக் கறுப்புப் பூசுவதுதான் வழக்கம். காதர் பாய் கேட்கவில்லை. கல்யாண லாரி, பச்சைதான் வேண்டும் என்று நின்றார். பூசிக் கொடுத்தோம். அடியில் இருக்கிற பச்சை யார் கண்ணில் படும்? காப்பிக் கடை வாசலில் ஜாக்கி வைத்து லாரியைத் தூக்கி நிறுத்தி, வருகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் குனிந்து பார்க்கச் சொன்னார். பருமனான கடைக்காரர் ஒருவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நானும் காதர் பாயும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கியபோது அவர் முனகியது: "இடுப்பு புடிச்சிக்கிச்சு பாய். இதுக்குப் போட ஒரு புஷ் இருந்தாச் சொல்லுங்க."

வந்ததே தெரியவில்லை

வண்டி இப்போது பூனை மாதிரி போயிற்று. ஒரே வாரத்தில் காதர் பாய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். வெங்காயம் விற்கவில்லையாம். லாரி தெருமுனையில் கிறீச்சிட்டால்தான் வீட்டுப் பெண்கள் கூடையோடு வெளியே வருவார்களாம். இப்போது வாசலில் நின்றாலும் ஒருவருக்கும் தெரிவதில்லை. தொண்டை கட்டக் கத்தியிருக்கிறார். யாரோ ஏலம் போடுகிறார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறார்கள்.

ரொம்ப யோசித்து ஒரு யோசனையோடுதான் வந்திருந்தார்: "ராவுத்தர் மாமா வீட்டுக்குப் போறப்ப மட்டும் சத்தம் வேணாண்ணே. யாவார நாளுக்குக் கழட்டி மாட்டுற மாதிரி ஒரு சத்தம் போட்டுக் குடுங்க."

ஒரு கைமணி வாங்கிக் கட்டிக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

ராவுத்தர் ஏறிய நாள்

லாரியைக் காட்டுகிற நாளில், வழியில் ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் என்னையும் கூட்டிப்போனார். ஃபெரியில் அக்கரை போய், வயலுக்கு நடுவே கெப்பாலா பத்தாஸ் சேர்ந்தோம். ராவுத்தர் வீட்டு வாசலில் லாரி போய் நின்றது. ஒரு கோழிகூடத் தலையைத் தூக்கவில்லை. ராவுத்தர் வெளியே வந்து லாரியைச் சுற்றினார், அடியில் குனிந்து பச்சையைப் பார்த்தார், முன்னால் ஏறி உட்கார்ந்தார். நான் பின்பக்கம் தட்டில் ஏறி, டிரைவர் தலைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.

அப்போதுதான் எங்களில் யாருக்குமே தெரியாத ஒன்று வெளியே வந்தது. ராவுத்தர் முன்னால் காதர் பாய் வாயே திறக்கமாட்டார், ஆனால் அதெல்லாம் தரையில் நிற்கும்போதுதான். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் தனக்குத் தானே பேச ஆரம்பித்துவிடுவார். இத்தனை காலமும் அந்தக் கடகடப்பில் அவர் பேசியது அவருக்கே கேட்டிருக்காது. பக்கத்தில் ஆள் இருக்கிற நினைப்பே இல்லாமல், ரோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டு போனார். "மாடு வருது... வா, வா, நீ போ மொதல்ல... இந்த மழை நின்னா வெங்காயம் அழுகாது... புஷ்ஷு என்னமா உக்காந்திருக்கு... ராவுத்தர் மாமா நல்ல மனுசன்தான், ஆனா கஞ்சம். வடிகட்டுன கஞ்சம். மூட்டையத் தூக்குறவனுக்கு ஒரு காப்பி குடுத்தா அரிசி தேஞ்சா போயிரும்?"

கம்பிக்கு ஊடே கையை விட்டு அவர் முதுகில் குத்தினேன். "ஸ்பிரிங் எதுவும் குத்துதாண்ணே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியவர், பக்கத்தில் ராவுத்தரைப் பார்த்தார். லாரி தானாக நின்றது. காதர் பாய் முகத்தில் ஈயாடவில்லை. அத்தனை வேலையும் வீண், சட்டம், புஷ், பச்சை எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"திருப்பு" என்றார் ராவுத்தர். லாரி வீட்டுக்கே திரும்பியது. இறங்கியதும் ராவுத்தர் உள்ளே பார்த்து, "நாலு காப்பி போடுங்க" என்று சத்தம் கொடுத்தார். நாங்கள் இருந்தது மூன்று பேர். காதர் பாய் அதைச் சொல்லவும் செய்தார். ராவுத்தர் அவர் தோளில் கை வைத்தார்: "உனக்கு ரெண்டு. என் மூஞ்சிக்கு நேரா என்னைக் கஞ்சன்னு சொல்றவ இந்த வீட்டுல என் மக ஒருத்திதான். நீங்க ரெண்டு பேரும் சீக்கிரம் ஒரே வீட்டுல போயி இருங்க மாப்புள, நான் இங்க நிம்மதியா இருக்கேன்."

அன்பர்களே, ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்துவது வரைக்கும்தான் நம் பொறுப்பு, அது நின்ற பிறகு எது கேட்க ஆரம்பிக்கும் என்பதற்கு எந்தப் பட்டறையிலும் உத்தரவாதம் தருவதில்லை.