ஒலிநாடா என்றுதான் போட்டிருக்கிறது

மூன்று முறை கனைத்து, கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, மின்விசிறியை நிறுத்திய பிறகுதான் கேசட் சார் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். நாற்பத்தைந்து நிமிடம் ஆனதும், கதாநாயகி பாலத்திலிருந்து குதிக்கப் போகிற இடமாகவே இருந்தாலும், "பக்கம் முடிந்தது, திருப்பிப் போட்டுக்கொள்ளவும்" என்று அறிவித்துவிட்டு நிறுத்துவார். அவள் கேசட்டின் மறுபக்கத்தில்தான் குதிப்பாள்.

நூலகத்தின் கீழ்த்தளத்தில் பார்வையற்றோர் பிரிவு அவர் பொறுப்பு. புத்தகங்களை வாசித்துப் பதிந்து கொடுப்பது வேலை. ஊரே கைபேசியில் பாட்டுக் கேட்கும்போது அவர் மட்டும் கேசட்டைக் கட்டிக்கொண்டு அழுவதற்குப் பழசின் மேல் பாசம் காரணமில்லை. காரணம் பதிப்புரிமைச் சட்டம். பார்வையற்றோருக்காக எந்த நூலையும், உரிமையாளரைக் கேட்காமலே, 'ஒலிநாடாவில்' பதியலாம் என்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் பெருந்தன்மையோடு எழுதியிருந்தார்கள். அன்றைக்கு ஆகப் புதிதாக இருந்த கருவியின் பெயரைப் போட்டுவிட்ட திருப்தியில் எழுந்து போனவர்கள், பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"சுத்த மக்குச் சட்டம் சார் இது" என்பார். அதையே ஓர் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிப்பார். "யாருமே இல்லாத ரோட்லயும் சிவப்பு விளக்குக்கு நிப்பாரு, நின்னுக்கிட்டே அந்த விளக்கைத் திட்டுவாரு" என்பது அவர் மனைவி தரும் சான்றிதழ்.

சட்டத்தைத் திருத்தச் சொல்லிப் பதின்மூன்று மனு அனுப்பினார். பதில் இல்லை. சென்ற ஆண்டு திருத்தக் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது பதினான்காவது மனுவை வாசித்து, கேசட்டில் பதிந்து அனுப்பினார். குழுவின் எழுத்தர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், இதைப் போட இங்க மிஷினே இல்லையே?"

"அதேதான் சார் என் மனு. வேற ஒண்ணும் அதுல இல்ல."

குழுவுக்குப் புரிந்ததோ என்னவோ, மசோதா வந்தது. வந்து, நாடாளுமன்றத்தில் படுத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து, நூலகம் இரவல் கொடுக்கும் கடைசி கேசட் கருவியும் உயிரை விட்டது.

அதை நம்பி இருந்தவள் பார்வையற்ற சட்ட மாணவி ஒருத்தி. பட்டம் வாங்கும் முன்பே அவள் வாய்க்காக 'வக்கீலம்மா' என்று பெயர் வைத்தவர் கேசட் சார். புத்தகம் கைக்கு வராமல் ஒரு முறை தேர்வில் போய்விட்டது. இன்னொரு முறை போனால் கல்லூரியில் இடம் இல்லை. தேர்வுக்கு இருந்தது பத்தொன்பது நாள். புத்தகம் அறுநூற்று நாற்பது பக்கம்.

"போன்ல பேசி அனுப்புங்க சார். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேம்மா."

"அப்ப கேசட்டையே குடுங்க. காதுல வச்சு ஆட்டிப் பாக்கறேன்."

"நீ வக்கீலாயிட்டு என்மேல கேஸ் போடு. ஆனா ஒலிநாடான்னுதாம்மா போட்டிருக்கு."

பேசிவிட்டாரே ஒழிய, அன்று சாப்பாடு இறங்கவில்லை. நான்காம் நாள் மசோதா நிறைவேறியது. 'எந்த வடிவிலும், இனி வரப்போகும் வடிவிலும்' என்பது புதிய வரி. வக்கீலம்மா கூப்பிட்டுக் கத்தினாள். "அரசிதழ்ல வரட்டும்மா" என்றார் கேசட் சார். மறுமுனையில் எழுந்த வசவு எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாதது.

ஆனால் மனிதர் சும்மா இருக்கவில்லை. பதிவதுதானே குற்றம், வாசிப்பது குற்றமில்லையே! பதிவறையில் உட்கார்ந்து முழுப் புத்தகத்தையும் உரக்க வாசித்து, நாக்குப் புரளும் இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். எட்டாம் நாள் காலை அரசிதழ் வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். கோப்பில் வைத்தார். பதினோரு மணிக்குக் கைபேசியை மேசையில் நிறுத்தி, தொண்டை கட்டும் வரை வாசித்தார். அத்தியாயம் அத்தியாயமாக அனுப்பி, ஐந்தாம் நாள் முடித்தார். தேர்வுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது.

மறுநாள் வக்கீலம்மாவே நேரில் வந்தாள். முகத்தில் பழைய கோபம் இல்லை.

"பாதி முடிச்சுட்டேன் சார்."

"அதுக்குள்ளயா? நான் வாசிக்கவே அஞ்சு நாள் ஆச்சேம்மா!"

அவள் கைபேசியைத் தட்டினாள். ஆண்டுக்கணக்கில் அவர் நிறுத்தி நிதானித்து வளர்த்த குரல், இரண்டு மடங்கு வேகத்தில், ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் போல ஒப்பந்தச் சட்டத்தைக் கொட்டித் தீர்த்தது.

"நான் நிறுத்தின இடமெல்லாம் எங்கம்மா?"

"அதெல்லாம் வேகமா போயிடும் சார். எனக்குப் புரியுது."

கேசட் சார் ஒரு நிமிடம் கேட்டார். பிறகு நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டு, "வேகத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வை பாப்போம்" என்று காதைக் கொண்டுபோனார்.