நாவல் முடிக்கப் போன தீவு

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு வெல்டிங் பட்டறை. பக்கத்து மாடியில் கீபோர்டு வகுப்பு. தெருமுனையில் திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடித்துத்தான் திரும்பும். இரண்டாவது நாவல் வந்த பிறகு பல வருஷங்களாக நான் எதுவும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் முதலில் மாமியாரின் உடம்பைச் சொன்னேன். அவர் போய்ச் சேர்ந்த பிறகு மகளின் படிப்பைச் சொன்னேன். அவள் படித்து முடித்து வேலைக்குப் புனே போனதும் சத்தத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். சத்தம் சாகாது, படித்து முடிக்காது. காரணம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

என் கணவர் ஹெப்பகோடியில் ஒரு கம்பெனியில் மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். மெஷின் நின்றால் எதனால் நின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதைச் சரிசெய்தால் ஓடும். அவருக்கு உலகம் அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"சத்தம்தானே உனக்கு ப்ராப்ளம்? அந்தமான்ல ஒரு தீவுல ரூம் போட்டுட்டேன். ஒரு வாரம். கடலைத் தவிர ஒண்ணும் கெடையாது. போய் நாவலை முடிச்சுட்டு வா."

"நீங்க வரலையா?"

"நான் வந்தா பேசிக்கினே இருப்பேன். நீ தனியாப் போ."

முடிப்பதற்கு முதலில் ஆரம்பித்திருக்க வேண்டும். ஆரம்பிக்காத நாவல் என்று ஒன்று இருக்கும் என அவருக்குத் தோன்றியதே இல்லை. என் முதல் இரண்டு நாவல்களும் கோலார் தங்கவயலைப் பற்றியவை. நாங்கள் இருவரும் அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகள். அந்தப் புத்தகங்களில் தன் அப்பாவின் இருமலைப் படித்த நாளிலிருந்து, நான் எழுதப் பிறந்தவள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார்.

தீவு அழகாகத்தான் இருந்தது. அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். அறைக்கு முன்னால் தென்னைகள், அதற்கப்பால் பச்சையும் நீலமுமாகக் கடல். காலை ஏழு மணிக்கே முதுகில் வியர்வை வழியும் வெயில். தேனிலவுக்கு வந்த ஜோடிகள் தண்ணீருக்குள் நின்று ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் மேஜையைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்து, கடலைப் பார்த்தேன். கடலும் என்னைப் பார்த்தது. முதல் இரண்டு நாள் இதுதான் நடந்தது.

அங்கே சமைத்துப் போட்டவர் போர்ட் பிளேரில் பிறந்த ஒரு தமிழம்மா. என் கணவர் முன்கூட்டியே போன் செய்து, வருகிறவர் எழுத்தாளர், சத்தமே ஆகாது என்று சொல்லி வைத்திருக்கிறார். அதனால் அந்தம்மா நான் எழுந்திருக்கும் முன்பே சட்னி அரைத்துவிடுவார். பாத்திரத்தைக்கூடப் பூப்போல வைப்பார். நான் அறையில் இருக்கும்வரை அவருடைய ரேடியோ பாடவே இல்லை. கடைசியில் நானே சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, நீங்க ரேடியோ போடுங்க, மிக்ஸி போடுங்க. நான் ஒண்ணும் எழுதல."

"அதெப்படி மேடம்? சார் அவ்வளவு தூரம் சொன்னாரு. எங்க சத்தத்தால உங்களுக்கு எதாச்சும் கெட்டுப்போச்சுன்னா?"

கெடுவதற்கு ஒன்றுமில்லை என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? மீன் வறுவல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் திடீரென்று எழுத்து வந்தது. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர், வாசலில் தண்ணீர்ச் சொம்பு, அவர் முதலில் காதைக் கழுவுவது என்று ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் ஓடியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு இளநீர் வாங்கிக் குடித்துக்கொண்டு கடற்கரையில் நடந்தேன். உப்புத் தண்ணீர் கணுக்காலில் வெதுவெதுப்பாக ஏறி இறங்கியது. நன்றி என்று வாய்விட்டுச் சொன்னேன். அடுத்த வரி என்ன என்று யோசித்தபோது அது தயாராக நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. அப்போதுதான் உறைத்தது. அது என் முதல் நாவலின் நான்காவது அத்தியாயம். வார்த்தைக்கு வார்த்தை. என்னையே நான் காப்பியடித்திருந்தேன்.

இளநீரை வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எந்தச் சோகமும் நடந்துவிடவில்லை. சர்ச் சபையில் அதற்காகப் பல தடவை ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். மாமியார் இல்லை, மகள் இல்லை, பஸ் இல்லை, பட்டறை இல்லை. ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்ட பிறகு மிச்சம் இருந்தது நான் மட்டும்தான். அந்த நானுக்குள் சொல்ல ஒன்றுமில்லை. வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை.

தினமும் சாயங்காலம் கணவர் கூப்பிடுவார். அன்றும் கூப்பிட்டார்.

"எப்படிப் போவுது?"

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்."

"வந்து சொல்லு. இப்ப எழுது. நான் வெச்சிடறேன்."

தொந்தரவு செய்யக்கூடாதாம். வைத்துவிட்டார். மிச்ச நாட்கள் ஜன்னலை மூடி, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கிடைத்த பிறகு நன்றி சொல்வது யாரும் செய்வது. கிடைக்கும் முன்பே, கிடைத்துவிட்டது என்று நம்பி நன்றி சொல்வதுதான் விசுவாசம். விசா வரும் முன்பே அதற்கு நன்றி ஜெபம் வைத்து, வந்தவர்களுக்குப் பிரியாணி போட்டவர்கள் இருக்கிறார்கள். ஏர்போர்ட்டிலிருந்து வீடு வந்து சேர்ந்தபோது மாடிப்படியில் செருப்புகள் குவிந்திருந்தன. உள்ளே வாடகை நாற்காலிகள், தெருச் சனங்கள், பாஸ்டர். மேஜையில் ஒரு கேக், அதில் க்ரீமால் வரைந்த புத்தகம். எனக்காகப் பட்டறையைக்கூடச் சீக்கிரம் மூட வைத்திருந்தார் கணவர். நாவல் முடிந்ததற்கு நன்றி ஜெபம்.

கணவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். என் பெட்டியை வாங்கி, லேப்டாப் பையை மட்டும் தனியாக எடுத்து, கேக்குக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். இரண்டு பாட்டு பாடினார்கள். பிறகு பாஸ்டர் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், கர்த்தர் செஞ்சதைச் சாட்சியாச் சொல்லுங்க."

எழுந்தேன். "ஸ்தோத்திரம். நான் ஒரு வரிகூட எழுதல. சத்தத்தால இல்ல. அங்க சத்தமே இல்ல. எனக்கு இனிமே வராது. நான் எழுதறதை விட்டுட்டேன். அவ்வளவுதான்."

சொன்னதும் உடம்பு லேசானது. அந்த வாரத்தில் நான் உருவாக்கிய ஒரே உண்மையான வாக்கியங்கள் அவைதான். யாராவது சரிம்மா என்று சொல்லியிருந்தால் அங்கேயே படுத்துத் தூங்கியிருப்பேன்.

"சோர்வின் ஆவி பிடிச்சிருக்கு," என்றார் பாஸ்டர். எல்லோரும் எழுந்துவிட்டார்கள். என்னைச் சுற்றி நின்று தலையிலும் தோளிலும் முதுகிலும் கை வைத்தார்கள். யாரோ ஒருவரின் வளையல் என் காதை அழுத்தியது. எழுத்து திரும்பி வர வேண்டும் என்று சத்தமாக, கண்ணீரோடு கேட்டார்கள். அந்தக் கைகளில் ஒன்று என் கணவருடையது. அது எது என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதில் மட்டும் மெஷின் எண்ணெய் வாடை. அவரும் அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அப்பாவின் அடக்கத்தில் மட்டும்தான்.

எல்லோரும் கேக் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அவர் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"புரிஞ்சுது." இன்னொரு நாற்காலியை எடுத்து வைத்தார். "உன்னைத் தனியா அனுப்பியிருக்கக் கூடாது. தப்பு என்னுதுதான். அடுத்த வருஷம் வேற தீவு பாக்கலாம். நானும் வரேன். பேசவே மாட்டேன்."

வேண்டாம் என்றுதான் சொல்ல வந்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். செத்துப்போனதைப் பழுதென்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எங்கே திறந்து பார்ப்பது என்பதுதான் இப்போது அவருடைய யோசனை.

சரி என்றேன்.