துரை பங்களாவில் என் இங்கிலீஷ்

முப்பத்தெட்டு வயதில் நான் இங்கிலீஷ் படிக்க ஆரம்பித்தேன். வாத்தியார் போனுக்குள் இருந்தார். யூடியூபில் இலவச வகுப்பு. சென்னைக்காரர் யாரோ, எனக்காகவே பேசுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் எடுக்காது. தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம்தான் எடுக்கும். கூடையை இறக்கிவிட்டு அங்கேயே நின்று, "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன்.

சும்மா விடுவார்களா? "தொரசாணிக்கு வழி விடுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவளுகள் வயிறு வலிக்கச் சிரிப்பாளுகள். என் வீட்டுக்காரர் அதற்கும் ஒரு படி மேலே. "கொழுந்துகிட்ட இங்கிலீஷ்ல பேசுனா தானா கூடைக்குள்ள வந்து விழுந்துருமா?" என்று கேட்பார். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கூடைக் கயிற்றை இனிமேல் தலையில் மாட்டக் கூடாது.

பழைய துரை பங்களாவை அப்போது ஹோட்டலாக்கியிருந்தார்கள். வாசலில் நின்று வெள்ளைக்காரர்களை வரவேற்றுப் பேச ஒரு பெண் தேவை, தோட்டத்து ஆளாக இருந்தாலும் பரவாயில்லை என்றார்கள். அந்தப் 'பரவாயில்லை' அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. சந்தோஷமாகப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேர்முகத்துக்கு எப்படிப் போவது என்பதற்கும் இலவச வீடியோ இருந்தது. எப்படி உட்கார்வது, எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது, எல்லாம் சொன்னார் வாத்தியார். எந்த வாசலால் போவது என்று மட்டும் சொல்லவில்லை. பாவம், சென்னையில் இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்.

எங்கள் ஆட்கள் துரை பங்களாவுக்கு முன்வாசலால் போனதே கிடையாது. என் கால் தானாகப் பின்பக்கம் போனது. புதுச் சேலையோடு குசினி வாசலில் போய் நின்றேன். அங்கே சமைக்கிறவர் எங்கள் மேல் லயத்து அண்ணன்தான்.

"சார் வருவாரு, இரு. சும்மா நிக்காம இந்தக் கரட்டக் கொஞ்சம் சீவிக் குடு" என்றார்.

சொல்ல வேண்டிய இங்கிலீஷை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே ஒரு பேசின் நிறையச் சீவினேன். முன்பக்கம் நேர்முகத்துக்கு ஆட்களைக் கூப்பிடுவது அந்த அண்ணனுக்குத் தெரியும். பிறகு சண்டைக்குப் போனபோது, "நீ குசினி வேலைக்கு வந்தேன்னுதானே நெனச்சேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் இன்னும் ஆத்திரம்.

மத்தியானம் மேனேஜர் பின்பக்கம் வந்தார். எழுந்து, அவர் கண்ணைப் பார்த்து, பாடம் பண்ணியதை ஒரு சொல் தப்பாமல் சொன்னேன். மனிதர் அசந்துபோனார். முன்னால் உன் பெயரைக் கூப்பிட்டோமே, ஏன் வரவில்லை என்று இங்கிலீஷிலேயே கேட்டார். கந்தப்பளையிலிருந்து வந்த பெண்ணுக்கு இப்போதுதான் வேலையைக் கொடுத்தோம் என்றார். உன் அளவுக்கு அவளுக்குப் பேச வராது என்றும் சொன்னார். அதை என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? சொல்லாமலே போயிருக்கலாம்.

போகத் திரும்பியவர், சீவி வைத்த கரட்டைப் பார்த்தார். குசினியைக் கையால் காட்டி, "யூ கேன் ஸ்டார்ட் டுமாரோ" என்றார்.

யாரும் தமிழில் சொல்லித்தரத் தேவையிருக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்கு நன்றாக விளங்கியது.

"யெஸ், சார்" என்றேன்.