ரோஸி சேச்சி வீட்டுத் துணிக்கொடி

எங்கள் தொழில், படம் பார்க்காதவர்களுக்குப் படம் காட்டுவது.

இணையதளம் செய்து தருகிறவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனுக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீஸில் நான் பார்ப்பது அதில் ஓரத்து வேலை. இணையத்தை வெறும் எழுத்தாகவே பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர். கண் தெரியாதவர்களுக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. சிக்னல் சரியாகக் கிடைக்காதவர்கள் படங்களை நிறுத்திவிட்டு எழுத்தை மட்டும் வரவைப்பார்கள். இவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுத வேண்டும், ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் வைக்க வேண்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்கிற மாதிரிதான். ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொல்வார்கள்.

கஸ்டமர் முகம் பார்த்துப் பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால், இதில் ஒன்றாவது உங்களுக்கும் நடந்திருக்கும். பேச்சில் எங்களுக்குத் தமிழும் மலையாளமும் கலந்தே வரும். உங்களுக்காகக் கொஞ்சம் வடிகட்டியிருக்கிறேன்.

புகார் சொல்ல வந்தவர்

முதலில் நானும் கல்யாண பிளெக்ஸ் டிசைன் செய்துகொண்டிருந்தவள்தான். ஒருநாள் காலையில் கையில் வெள்ளைக் குச்சியோடு ஒருவர் மாடியேறி வந்தார். பெயர் ஜோசி, என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். வைப்பின் தீவிலிருந்து படகேறி, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார், எங்களைத் திட்டுவதற்காக. நாங்கள் செய்து கொடுத்த ஊறுகாய்க் கடை சைட்டில் எல்லாமே படம். படத்துக்குப் பெயர் இல்லாததால் அவருடைய மென்பொருள் ஃபைல் நம்பரை ஒவ்வொன்றாக வாசித்திருக்கிறது.

எங்கள் முதலாளி நவாஸை நாங்கள் இக்கா, அதாவது அண்ணன் என்போம். இக்கா சாயா வரவழைத்துக் கொடுத்து, என்ன பிரச்சினை என்று பணிவாகக் கேட்டார். ஜோசி சேட்டன் சாயாவைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "நான் மீன் அச்சார் வாங்க வந்தேன். உங்க சைட் எனக்கு லாட்டரி ரிசல்ட் வாசிச்சுத் தருது."

மூன்று மாதம்

இக்காவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றைக்கே ஜோசி சேட்டனைச் சோதித்துப் பார்க்கும் வேலைக்கு எடுத்தார், என்னை மலையாளத்திலும் தமிழிலும் வரி எழுதும் வேலைக்கு மாற்றினார். ஜோசி சேட்டனுக்கு அதுதான் வாழ்க்கையில் கிடைத்த முதல் மாதச் சம்பள வேலை. அதற்கு முன் போன இடங்களில் எல்லாம் சாயா மட்டும்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆனால் இக்கா வியாபாரி. அடுத்த நாளே காரியத்துக்கு வந்தார்: "மூணு மாசம் பார்ப்போம். ஒரு கஸ்டமராவது இது எனக்கு வேணும்னு தன் வாயால சொல்லணும். இல்லேன்னா செல்வி பழையபடி பிளெக்ஸுக்கு, ஜோசி வைப்பினுக்கு."

பச்சை பட்டன்

காக்கநாட்டில் ஒரு சின்ன கம்பெனி தையல்காரர்களுக்காக அளவு குறித்து வைக்கும் மென்பொருள் செய்திருந்தது. இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், இறக்கத் தெரிந்தால். அந்தப் பக்கத்தில் ஒன்பது பட்டன். ஒன்பதுக்கும் "இங்கே அழுத்தவும்" என்றே பெயர். ஜோசி சேட்டன் மானேஜர் முன்னாலேயே ஒன்றை அழுத்தினார், கம்பெனியின் ஆண்டுவிழா வீடியோ ஓடியது. இன்னொன்றை அழுத்தினார், மானேஜரின் வாழ்த்துரை வந்தது. வாழ்த்துரையை மட்டும் மானேஜர் நிறுத்தச் சொல்லவில்லை.

கடைசியில் மானேஜர் பொறுமையிழந்து, "மேலேயே தெளிவா எழுதியிருக்கோமே, மென்பொருளுக்குப் பச்சை பட்டனை அழுத்தவும்னு" என்றார். ஜோசி சேட்டன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினார். "சாரே, பச்சைக்கு என்ன சத்தம்?"

ஏலக்காய்

மானேஜர் பட்டன்களுக்குப் பெயர் வைக்கச் சம்மதித்தார். ஆனால் 'எனக்கு வேணும்' என்ற அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஒரு மாதம் போய்விட்டது. அடுத்த கஸ்டமரையாவது அசத்திவிட வேண்டும் என்று மசாலாக் கடைப் படம் ஒன்றுக்கு உட்கார்ந்து எழுதினேன். மரகத மணிகள், மலைச்சாரல், மணம் கமழும் காலை என்று ஏழு வரி போயிற்று. பள்ளியில் மலையாளம் மட்டும் படித்துவிட்டு, தமிழைப் பிறகு நானாகவே கற்றவள். கற்றதையெல்லாம் அந்த ஒரு படத்தில் கொட்டிவிட்டேன்.

ஜோசி சேட்டன் முழுவதையும் கேட்டார். திரும்ப ஒருமுறையும் கேட்டார். பிறகு சொன்னார்: "ஏலக்காய்னு சொல்லு செல்வி, போதும். நான் என்ன கல்யாணம் பேசவா வந்திருக்கேன்?"

காட்டிக் கொடுத்தவள்

அன்றிலிருந்து இருப்பதை இருக்கிறபடி எழுதுவது என்று வைராக்கியம் கொண்டேன். அது வந்து விழுந்தது ரோஸி சேச்சியின் தலையில். சேச்சி தன் வீட்டு மாடியில் இரண்டு அறையை வெளியூர்க்காரர்கள் தங்க வாடகைக்கு விடுகிறவர். சைட்டில் வீட்டுப் படங்களுக்கு நான் எழுதியது இது: "மஞ்சள் சுவர் வீடு. வாசலில் மூன்று படி. படி இறங்கினால் வலப்பக்கம் துணி காயப்போடும் கொடி, அதில் இரண்டு லுங்கி. மாடி ஜன்னலில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் காயல்."

யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். சேச்சி நேரே ஆபீஸுக்கு வந்துவிட்டார். படத்தில் கொடியும் லுங்கியும் இருப்பதை அவரால் மறுக்க முடியவில்லை. அதனால் கோபம் இரட்டிப்பாகியது. கொடியை இன்றைக்கே அவிழ்க்கிறேன், புதுப் படம் எடு, வரியை மாற்று, இல்லையென்றால் சைட்டே வேண்டாம் என்றார். இக்கா என்னைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்தார். என் வேலைகூடப் போகட்டும், ஜோசி சேட்டனின் வேலை என் இரண்டு லுங்கியால் போகிறதே என்று அழுகை முட்டியது. படியிறங்கும்போது சேச்சி திரும்பிக் கேட்டார்: "பார்க்கிறவங்களே கவனிக்காத துணியை, பார்க்காதவங்களுக்கு எதுக்கு மோளே காட்டிக் கொடுத்தே?"

கொடி எங்கே?

கொடி அன்றைக்கே இறங்கிவிட்டது. புதுப் படம் எடுக்கத்தான் மழை விடவில்லை. கொச்சி மழைக்குக் கஸ்டமர் அவசரம் புரியாது. அதனால் பழைய வரி அப்படியே கிடந்தது. மூன்றாவது மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது சேச்சியிடமிருந்து போன்: உடனே வா, தமிழ்க்காரர்கள் வந்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நானும் ஜோசி சேட்டனும் ஓடினோம். திருச்சியிலிருந்து வந்த தம்பதி, இரண்டு பேருக்கும் பார்வை கிடையாது. முந்தின நாள் மழையில் நனைந்து வந்து, காலையில் வெயில் கண்டதும் கணவர் வேட்டியை அலசிக்கொண்டு இறங்கியிருக்கிறார். மூன்று படியை எண்ணி இறங்கி, வலப்பக்கம் திரும்பி, ஈர வேட்டியோடு கையைத் தூக்கித் துழாவிக்கொண்டு நின்றார். சேச்சி பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"கொடியைக் காணோமேம்மா" என்றார் அவர் என்னிடம். "மத்த இடமெல்லாம் அழகான அறை, அழகான அறைன்னே சொல்லிச்சு. இந்த வீடுதான் படி எத்தனைன்னு சொல்லிச்சு, கொடி எந்தப் பக்கம்னு சொல்லிச்சு. அதை நம்பித்தான் ரெண்டே வேட்டியோட கிளம்பினேன்."

நான் அதை மலையாளத்தில் சொல்லி முடிப்பதற்குள் சேச்சி உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது கையில் நைலான் கயிறு. பழைய ஆணியிலேயே தன் கையால் கட்டி, அவர் கையைப் பிடித்துக் கயிற்றின் மேல் வைத்தார். பிறகு அங்கேயே நின்று இக்காவுக்கு போன் போட்டார். ஜோசி சேட்டன் காதைத் தீட்டிக்கொண்டார். "நவாஸே, கொடியைத் திரும்பக் கட்டியாச்சு. இனி என் வீட்ல ஒரு ஆணி அடிச்சாலும் இந்தப் பொண்ணு வந்து எழுதணும், அந்த ஜோசி கேட்டுப் பார்த்துச் சரின்னு சொல்லணும். எனக்கு வேணும்."

படித்த கம்ப்யூட்டர் படிப்பெல்லாம் காப்பாற்றாத எங்கள் இருவரின் வேலையையும் கடைசியில் தாங்கிக்கொண்டது, இரண்டு லுங்கி காய்ந்த ஒரு கயிறுதான்.