கழுத்தில் பொங்கிய பால்

இது என் பிரமை இல்லை. என்கூட வேலை பார்க்கும் ஷ்யாமும் பார்த்தான். கேட்டால் இன்றைக்கும் சொல்வான்.

அன்று காலை எழுந்தேன். பாக்கெட்டை வெட்டிப் பாலை அடுப்பில் வைத்தேன். இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றைத் திரும்ப வைத்தேன். என் மனைவி சஹானா போய் எட்டு மாதமாகியும் கை கேட்பதில்லை. காபி குடித்துவிட்டுக் கிடர்பூர் துறைமுகக் கிடங்குக்குப் பஸ் ஏறினேன்.

கப்பலில் போகும் சரக்கைப் புகைப்படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. நான் சரி என்றால்தான் பெட்டியில் ஆணி அடிப்பார்கள். அன்று வந்தது டாலிகஞ்ச் பகுதிச் சிற்பி ஒருவர் செய்த பளிங்குப் பெண். பழைய கிரேக்கச் சிலை போன்ற உடம்பு, மடிப்பு மடிப்பாக உடை. தலை மட்டும் இல்லை. கழுத்துக்குள்ளிருந்து பால் பொங்கி நுரைத்து நின்றது. அதுவும் பளிங்கு.

"தலைக்குப் பதிலா பால்சட்டி. இதையும் வாங்க ஆள் இருக்கு பாருங்கண்ணா" என்றான் ஷ்யாம்.

படத்தில் நுரை கழுத்தோடு நின்றிருந்தது. எதிரே... தோள் வரை வழிந்திருந்தது.

"ஷ்யாம், இதைப் பாரு."

அவன் சிரிப்பு நின்றது. "ஆரே பாபா... வேற படம் அனுப்பிட்டாங்களா? கேட்டுட்டு வரேன்." ஆபீசுக்கு ஓடினான்.

தனியாக நின்றேன். பால் தீயும் வாசனை. அந்தக் கிடங்கில் அடுப்பே கிடையாது.

ஸ்ஸ்ஸ்...

நுரை மார்புக்கு இறங்கியிருந்தது.

குனிந்தேன். படத்தில் வெறும் கால். இங்கே விரலில் கல் மெட்டி. அதில் நூல் சுற்றியதுபோல் வரிகள்...

சஹானாவுக்கு மெலிந்த விரல். மெட்டி நழுவாமலிருக்க நூல் சுற்றித்தான் போடுவாள்.

தொட்டேன்.

சுட்டது.

"அண்ணா, படம் சரிதானாம். மூடட்டுமா?"

மூடினால் நாளை அவளும் கடல் தாண்டிப் போய்விடுவாள். 

மறுபடி பார்த்தேன். நுரை கழுத்தோடு நின்றது. வெறும் கால்.

"மூடு" என்றேன். என் விரல் நுனியில் கொப்புளம்.

அடுத்த வாரம் சிற்பியிடம் போய், ஏன் பால் என்று கேட்டேன்.

"முதல்ல தலை இருந்தது. சரஸ்வதி பூஜை அன்னிக்குக் காலையில தானா உடைஞ்சு விழுந்தது. ஸ்டுடியோ பூரா பால் தீயுற வாசனை. அதனாலதான்."

சரஸ்வதி பூஜை அன்று காலையில்தான் சஹானா மாடிப்படியில் தவறி விழுந்தாள். தலையில் அடி.

'முருகா' என்று சொல்லித்தான் கண்ணை மூடினாள் என்று அவள் அம்மா எல்லோரிடமும் சொல்கிறார். இல்லை. விழுந்த பிறகு அவள் பேசவே இல்லை. மாடியில் காய்ந்த துணி எடுக்கக் கிளம்பியவள் வாசலில் திரும்பிச் சொன்னதுதான் கடைசி.

"பால் பொங்கிடப் போகுது, பாத்துக்கோங்க. இதோ வந்துடறேன்."