பிடரியில் தானாக விழுந்த சடை

என் முடி வழுக்குகிற முடி. கிளிப் நிற்காது. பள்ளிக்கூட நாட்களில் அம்மா காலையில் கட்டிய ரிப்பன் மதியச் சாப்பாட்டுக்குள் எங்கேயாவது விழுந்து தொலைந்திருக்கும். அந்தத் தலையில் போய் நான் சடை வளர்க்க ஆசைப்பட்டேன். பின்னல் சடையைச் சொல்லவில்லை. சாமியார்கள் தலையில் கயிறு கயிறாகத் தொங்குமே, அது. காரணம் கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. பிடித்திருந்தது. பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே படம் வரைந்து கொடுக்கிற வேலை எனக்கு. என் தலையை யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியம் வேறு. இந்த ஆசை அம்மாவின் உயிரில் போய் முட்டும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வீடு குஜிலியம்பாறைப் பக்கம். மழையை நம்பிக் கடலையும் சோளமும் போடுகிற காடு. அப்பா போன பிறகு வீட்டில் அம்மாவும் நானும்தான்.

சுருட்டை முடிக்காரர்களுக்குச் சடை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். என் மாதிரி முடிக்குப் பாடு அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாமல் அலசிக் காயவைத்து, தலையைக் கட்டம் கட்டமாக வகிர்ந்து, ஒவ்வொரு கட்டத்து முடியையும் நுனியில் பிடித்துக்கொண்டு சீப்பால் வேரைப் பார்த்துத் தள்ளித் தள்ளிச் சிக்காக்க வேண்டும். பிறகு நூல் பின்னுகிற குரோஷாக் கொக்கி ஊசியை விட்டு, வெளியே நீட்டுகிற முடியை உள்ளே இழுக்க வேண்டும். அம்மா வருஷக்கணக்கில் என் தலையிலிருந்து எடுத்த சிக்கையெல்லாம் நான் உட்கார்ந்து திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஏ கழுதை, என்னடி கோலம் இது? நாலு பேரு பாத்தா என்ன பேசுவாக?" என்று அம்மா கத்தினாள். கத்தட்டும் என்று ஊசியைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தேன்.

போட்ட சடையில் பாதி முதல் வாரமே அவிழ்ந்தது. கடைசியில் கைகொடுத்தது எங்கள் போர்த் தண்ணீர்தான். உப்புத் தண்ணீர். பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. சடைக்கு மட்டும் அது வரம். முடி சொரசொரத்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டது. ஆனால் விட்டுவிட்டு இருக்க முடியாது. குளித்தால் வெயிலில் நன்றாகக் காய வேண்டும், இல்லையென்றால் ஊறல் நாற்றம் அடிக்கும். வேரில் ஒட்டிக்கொள்கிற சடைகளை ஒவ்வொரு முறையும் விரலால் பிரித்துவிட வேண்டும். சோம்பல்பட்டால் பக்கத்துச் சடைகள் சேர்ந்து ஒன்றாகிவிடும்.

நான் சோம்பல்பட்டேன். வேலை கழுத்தை நெரித்த ஒரு மாதம் தலைப் பக்கமே போகவில்லை. பிடரியில் மூன்று சடைகள் சேர்ந்து பெருவிரலைவிடத் தடிமனாக, தட்டையாக ஒன்றாகிவிட்டன. அதை முதலில் பார்த்தது அம்மா. வாசலில் முடி காயவைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து தொட்டாள்.

"இதெல்லாம் நீ ஊசியில பண்ணது, சரி. இது யாரு பண்ணது?"

"யாரும் பண்ணலம்மா. பிரிக்காம விட்டுட்டேன், தானா சேந்துக்கிச்சு."

"தானாவா?" என்றாள். எங்கள் பக்கத்தில் தானாக விழுகிற சடை மனுஷருக்குச் சொந்தமில்லை. ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்பார்கள். மஞ்சள் துணி சுற்றி வைப்பார்கள், கத்தி படக்கூடாது. நான் சொன்ன ஒரு வார்த்தையை அவள் இப்படி எடுத்துக்கொள்வாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து வீட்டில் திட்டு நின்றது. கழுதை போய் ஆத்தா வந்தது. "சாப்புடு ஆத்தா", "செத்த நேரம் படு ஆத்தா" என்று குழைந்தாள். செவ்வாய்க்கிழமை கறி எடுப்பது நின்றது. என் தலையைத் தானே அலசிவிடுவேன் என்று அடம்பிடித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. "குறி சொல்லவா? வெத்தல பாக்கு எடுத்துட்டு வா" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. தலை அலசிவிட்ட ஒவ்வொரு நாளும் அவளுடைய ரவிக்கையின் இடது பக்கம் நனைந்திருந்தது. தண்ணீர் தெறித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு மதியம் துண்டை மறந்துவிட்டுக் குளியலறைப் பக்கம் திரும்பப் போனேன். அம்மா சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சொம்பில் என் தலை அலசிய அழுக்குத் தண்ணீர். ரவிக்கைக் கொக்கியை அவிழ்த்துவிட்டு, இடது மார்பில் அதைத் தொட்டுத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மறைக்கவும் இல்லை. நான் தொட்டுப் பார்த்தேன். உரிக்காத கடலை அளவுக்கு ஒரு கட்டி. அதைச் சுற்றித் தோல் உள்ளே இழுத்திருந்தது.

"எப்ப இருந்துமா?"

"கடலை போட்ட சமயத்துலருந்து."

கடலை பறித்து, காயவைத்து, விற்றும் முடிந்திருந்தது.

"ஏன் சொல்லல?"

"சொல்லப் பயந்துக்கிட்டு கெடந்தேன். அப்பறம் உன் தலையில அவ வந்து எறங்குனா. எனக்காகத்தேன் வந்திருக்கா. பாரு, அம்புட்டுப் பெரிய கட்டி, கொஞ்சங்கூட வலி இல்ல."

வலி இல்லாத கட்டிதான் மோசம் என்று எங்கோ படித்திருந்தேன். உள்ளே ஓடிக் கத்தரிக்கோலை எடுத்துவந்து பிடரிச் சடையைப் பிடித்தேன். பின்னாலேயே எழுந்து வந்த அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அறுத்துப்புடாத. அறுத்தா நான் போயிருவேன்."

போய்விடுவாள். அம்மாவை எனக்குத் தெரியும். பாயில் படுத்தால் எழுந்திருக்க மாட்டாள், எந்த ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டாள். அவள்மேல் வந்த கோபம் என்மேல் வந்த கோபத்தைவிடக் குறைவுதான். கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். பிடரிச் சடையை எடுத்து முன்னால் தோளில் போட்டுக்கொண்டேன்.

"நாளைக்கு விடிஞ்சதும் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "யாரு சொல்றது? நீயா, அவளா?"

"அவதான்" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பீரோவில் நல்ல சேலையைத் தேடப் போனாள். எவ்வளவு எளிதாக முடிந்தது என்பதே எனக்குப் பயமாக இருந்தது.

கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய், ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். பெண்கள் வார்டில் அம்மா சும்மா இருக்கவில்லை, எல்லோரிடமும் சொல்லியிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரி என் தலையைப் பார்த்துக் கும்பிட்டாள். இன்னொருத்தி தன் மகளுக்குத் திருநீறு பூசிவிடச் சொல்லி நின்றாள். நான் வராந்தாவிலேயே பொழுதை ஓட்டினேன்.

ஆபரேஷன் அன்று அம்மாவின் தோட்டை நர்ஸ் கழற்றி என் கையில் கொடுத்தார். தள்ளுவண்டியில் படுத்திருந்த அம்மா என்னைக் குனியச் சொன்னாள். பிடரிச் சடையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சடையைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஆத்தா, நான் திரும்பி வருவனா?"

எனக்குத் தெரியாதும்மா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. தெரியாது என்று சொன்னால் அந்தக் கதவுக்குள் போக மாட்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

"வருவ" என்றேன்.

நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே போனாள். கதவு மூடியது. அவளுக்கு இருந்த பயம் மொத்தமும் என்னிடம் வந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்தேன். அவசரத்தில் காயவைக்காமல் வந்த தலை நாறியது. பிடரிக்குக் கை போயிற்று. அது நான் பிரிக்காமல் விட்ட முடி, வேறொன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே, அவள் வெளியே வந்து என்னைக் கழுதை என்று ஒரு தடவை கூப்பிட வேண்டும் என்று அதனிடம் கெஞ்சினேன்.