திறக்க இயலவில்லை என்று நான் எழுதவில்லை

பூட்டிய போன்களிலிருந்து சாட்சியம் எடுக்கும் ஆய்வகத்தில் எனக்கு வேலை. போன்கள் சீல் வைத்த உறையில் எங்களைத் தேடி வரும். ஒரே ஒரு போனுக்காகத்தான் நான் கொல்லிமலை ஏறினேன்.

அங்கே தேவனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் மிளகும் மரவள்ளியும் போடும் ஒரு அம்மா. மலைக்குக் கீழே கட்டிக்கொடுத்த மகள் தூக்கு மாட்டிக்கொண்டாள் என்று கணவன் வீட்டார் சொல்லிவிட்டார்கள். மகளின் போனை இவர் போலீசிடம் தரவில்லை என்று என்னை அனுப்பினார்கள்.

"குடுக்க மாட்டேன்னு சொல்லலீங்க. அணைச்சுக் குடுன்னாங்க. அதுக்குத்தான் மாட்டேன்னேன்" என்றார்.

சாவதற்கு நான்கு நாள் முன்பு தாய்வீடு வந்திருந்த மகள், கணவன் கூட்டிப்போக வந்ததும் போனைச் சாமைப் பானைக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அணைக்காதே, யார் கேட்டாலும் தராதே என்றாளாம். மருமகன் இரண்டு தடவை வந்து கேட்டும் இவர் தரவில்லை. சார்ஜ் இறங்கவும் விடவில்லை.

அணையாத போனில் தகவல் எடுக்க எங்களுக்கு வழி உண்டு. அணைந்துவிட்டால் ரகசிய எண் இல்லாமல் பெரும்பாலும் முடியாது. அவர் வீட்டில் டவரும் கிடையாது. எங்கிருந்தோ அதை அழிக்கக் கணவன் அனுப்பிய உத்தரவு அதனால்தான் போய்ச் சேரவில்லை. அது பின்னால் தெரிந்தது.

ரசீது எழுதிக் கொடுத்து, சிக்னல் புகாத பையில் சார்ஜ் ஏற்றும் தனி பேட்டரியோடு சேர்த்துக் கட்டி மலையிலிருந்து இறக்கினேன்.

மூன்று வாரமாகியும் திறக்கவில்லை. "திறக்க இயலவில்லைன்னு எழுதி அனுப்பும்மா. தற்கொலைன்னு முடிஞ்ச கேஸ்" என்றார் மேலதிகாரி.

"நீங்க அப்படி எழுதச் சொன்னீங்கன்னு எழுத்துல குடுங்க சார், எழுதறேன்."

அவர் கொடுக்கவில்லை. நானும் விடவில்லை. இரண்டாம் மாதம் திறந்தது. கணவனின் குரலை அவள் பதிவு செய்து வைத்திருந்தாள். "உன்னைத் தொங்கவிட்டுட்டு, நீயா தொங்கிட்டேன்னு சொல்லுவேன்" என்கிறான் ஒன்றில். உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக எழுதினேன்.

வழக்கு கொலை வழக்கானது. கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த அம்மாவைக் கேட்டார்: "போன் உங்ககிட்டதானே இருந்தது? நீங்களே எதையாவது ஏத்தியிருக்கலாமே?"

"அதைத் தொறக்கற நம்பரே எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா எம்புள்ளைய அவனோட அனுப்பியே இருக்க மாட்டேன்."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

கணவனுக்கு ஆயுள் தண்டனை. அப்பீல் போட்டிருக்கிறார்கள். போடட்டும். சமாதானம் பேச மலையேறி வந்த அவன் வீட்டாரை அந்த அம்மா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். எத்தனை கோர்ட் கூப்பிட்டாலும் நாங்கள் இருவரும் வருவோம்.